மேகத்தை மேற்கே ஓட்டிப் போனவர்கள்

வைகாசி மாதத்து முதல் வாரத்தில், செங்காட்டூர் வியாபாரிகள் சங்கத்து மாடி அறையில், கோயமுத்தூரிலிருந்து வந்த சுகந்தாமணி என்ற பெண் கடைக்காரர்களுக்கு கிளவுட் என்றால் என்ன என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு கடைக்காரர்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் நன்றாகத்தான் சொன்னாள். உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதை உங்கள் கடையிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை, எங்கோ பெரிய பெரிய மெஷின்கள் இருக்கிற இடத்தில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்துவிடலாம், பொருள் கூடினால் இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் குறைத்துக்கொள்ளலாம், எந்த ஊரில் நின்றுகொண்டு கேட்டாலும் கைக்கு வரும் என்று படம் போட்டுக் காட்டினாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தப் படங்கள் சுவரில் நீலமாக மின்னின. கடைக்காரர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அவளை வரவழைத்தவர் சங்கத் தலைவர் சென்னியப்பன். விதைக்கடை வைத்திருந்தார். இருபத்தாறு வருடமாக, சுற்று வட்டாரத்தில் எந்தக் காட்டு மண் என்ன மண், அதில் எந்த விதை முளைத்தது, எது கருகியது என்று தன் கைப்பட பதினெட்டு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். பங்குனியில் ஒருநாள் அலமாரியைத் திறந்தபோது பதினோரு நோட்டுக்கு அட்டை மட்டும் இருந்தது, உள்ளே எல்லாம் கரையான் மண். அன்றைக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானமே படுத்துக்கொண்டார். மிச்சம் ஏழு நோட்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று யாரிடமோ கேட்டு, யாரோ சொல்லி, சுகந்தாமணி வந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சென்னியப்பன் எழுந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, எங்கியோ ஒரு எடம்ங்கறீங்களே, அது எங்க இருக்குது?"

"எங்க இருந்தா என்னங்க ஐயா, நீங்க கேக்கறப்ப வந்துரும்."

"வந்துரும்ங்கறீங்க. என்ற கண்ணுல பட மாட்டேங்குதே."

சுகந்தாமணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. மார்க்கர் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "சரிங்க. உங்க கடைவீதிக்கு மேல ஒரு மேகம் நிக்குதுன்னு வெச்சுக்குங்க. குடுக்கறத அதுகிட்டக் குடுக்கறீங்க. வேணும்கறப்ப அதுகிட்டக் கேக்கறீங்க. அவ்வளவுதானுங்க."

"இப்படிச் சொன்னாப் புரியுதுங்களே" என்றார்கள் நாற்பத்திரண்டு பேரும்.

மறுநாள் விடியும்போது மேகம் வந்து நின்றிருந்தது.

நான்கு கடை மொட்டைமாடி அகலம் இருந்தது அது. பலமுறை துவைத்த வேட்டியின் நிறம். உயரமான ஆள் மாடியில் நின்று கையைத் தூக்கினால் விரல் நனையும் உயரத்தில், காற்றுக்கு அசையாமல், கடைவீதியின் நட்டநடுவில் நின்றது. பால்காரர் பார்த்துவிட்டு டீக்கடையில் சொன்னார், டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா சொன்னாங்கல்ல, அதுதான்" என்று பாலை அடுப்பில் ஏற்றினார்.

முதலில் மாடியேறியவர் அபுதாகிர். ஒன்பது பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் தையல் கம்பெனி வைத்திருந்தவர், பதினாலு மெஷின் ஓடியது. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் அளவுத் தாளை எடுத்துப் போய் மேகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தாள் மெல்ல ஈரமாயிற்று, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே போயின, கடைசியில் அவர் கையில் வெள்ளைத் தாள் இருந்தது. "வாங்கிக்கிச்சு" என்று கீழே பார்த்துச் சொன்னார். பிறகு, "குடு" என்று மேகத்திடம் கேட்டார். அது கொடுக்கவில்லை.

சுகந்தாமணி மேலே வந்து, "பேரச் சொல்லணும் பாய். அதோட உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வார்த்தையும் சொல்லிக் குடுத்திருக்கணும், அதையே சொல்லித்தான் திருப்பிக் கேக்கணும். ரெண்டாம் நாளு சொன்னேனே" என்றாள். அவள் வகுப்பில் சொன்னது எல்லாம் அந்த மேகத்திடம் செல்லுபடியாயிற்று. பெயரும் வார்த்தையும் சொல்லிக் கொடுத்ததை, பெயரும் வார்த்தையும் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால், அது அந்தத் தாளில் நீர்க்கோலம்போல எழுத்துகளை இறக்கித் தந்தது. போனைத் தூக்கிக் காட்டினாலும் வாங்கிக்கொண்டது. அபுதாகிர் முதலில் பேர் சொல்லாமல் கொடுத்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் தோளளவும் கையளவும் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கடைசிவரை அதற்குள்ளேயே கிடந்தன. அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் மறுபடி அளந்துகொண்டு வந்தார்.

அதன்பிறகு கடைவீதி அதைப் பழகிக்கொண்ட விதம் இது. முதல் வாரம் பாதிப் பேர் தங்கள் வார்த்தையாக ஊர் அம்மன் பேரையே வைத்தார்கள். ஹார்டுவேர் கடை அண்ணனும் தம்பியும் ஒருவர் சொத்து விவரத்தை ஒருவர் வாங்கிப் பார்த்து ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். சுகந்தாமணி கடை கடையாக ஏறி இறங்கி எல்லோரையும் வார்த்தையை மாற்ற வைத்தாள், அதற்குப்பிறகு மாடிகளில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்து முணுமுணுக்கிற ஆண்களும் பெண்களும் தென்பட்டார்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் அது ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள். காய்கறி விற்கிற பெண்கள் மேகத்தின் நிழலோடு காலையில் மேற்கு வரிசையிலும் பொழுது சாயும்போது கிழக்கு வரிசையிலும் கூடையை நகர்த்திக்கொண்டே போனார்கள். பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து நிழலை டேப் பிடித்து அளந்து, இது கட்டடமா, விளம்பரப் பலகையா, நீர்நிலையா என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, படிவத்தில் 'இதர' என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு போனார்.

மேகம் வாடகையும் வாங்கியது. அதைக் கண்டுபிடித்தது ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்த லில்லி மேரி. மாடியில் மூடாமல் வைத்த ஒரு குடம் தண்ணீர் காலையில் காலியாக இருந்தது, அன்றைக்கு அவள் கேட்ட ரிப்போர்ட் பளிச்சென்று வந்தது. தண்ணீர் வைக்காத கடைக்காரர்களுக்கு எழுத்து மங்கலாக இறங்கியது. நிறைய வைத்தவர்கள் நிறையத் தண்ணீர் வைக்க வேண்டும், கொஞ்சம் வைத்தவர்களுக்கு ஒரு செம்பு போதும். "பயன்படுத்தற அளவுக்கு வாடகைன்னு சொன்னேன்ல, அதுதாங்க்கா" என்றாள் சுகந்தாமணி. ஒவ்வொரு மாடியிலும் குடங்கள் வரிசையாக உட்கார்ந்தன.

நான்காம் நாள் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. மேகமே வந்தபிறகு எதற்கு வகுப்பு என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சுகந்தாமணி கம்பெனிக்குப் போன் போட்டு, "சார், இங்க அவங்களுக்கே கிளவுட் வந்துருச்சு" என்றாள், அந்தப் பக்கத்திலிருந்தவர், "வெரி குட், அங்கியே இருந்து பாத்துக்க, ரிப்போர்ட் அனுப்பு" என்றார். லில்லி மேரி வீட்டு முன்னறையில் அவள் வாடகைக்குத் தங்கினாள். சொல்லாமல் விட்ட இரண்டு பாடங்கள் அவள் பைக்குள் இருந்தன. யாரும் கேட்காததால் அவளும் எடுக்கவில்லை.

ஆடி பிறந்த மூன்றாம் நாள், தறி ஓட்டுகிற ஜோதிமணி என்ற பெண்ணைப் பிரசவத்துக்குக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். வழியில் மயங்கிவிட்டாள். அவளுக்கு ஊரிலேயே இரண்டு பேருக்கு மட்டும் இருக்கிற ரத்தம், ஒரு குறிப்பிட்ட ஊசி ஒத்துக்கொள்ளாது. அதெல்லாம் லில்லி மேரி மேகத்திடம் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்தது, ஆனால் அவள் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடியில் கடற்கரையோரம் நின்றிருந்தாள். போன் வந்ததும், ஜோதிமணியின் புருஷனுக்குத் தன் பேரையும் வார்த்தையையும் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே, அந்த ஊர் வானத்தில் போய்க்கொண்டிருந்த ஏதோ ஒரு துண்டு மேகத்துக்கு, நர்சிடம் வாங்கிய வெள்ளைத் தாளை நீட்டினான். எழுத்து இறங்கியது. டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

லில்லி மேரி ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தன் வார்த்தையை மாற்றினாள். ஜோதிமணியின் மாமியார் வந்து மேகத்துக்கு ஒரு குடம் இளநீர் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் செங்காட்டூரில் மேகத்திடம் எதையும் கொடுக்காதவர்கள் இல்லை.

அது கனத்தது. நாலு மாடி அகலம் இருந்தது பதினோரு மாடி அகலமாயிற்று, வேட்டி நிறம் போய் ஈயப் பாத்திர நிறம் வந்தது, அடிப்பக்கம் தொங்கி, மாடிக் கைப்பிடிச் சுவரில் உரசியது. ஆடி முடியும்போது மாடிகளில் நூற்று முப்பது குடங்கள் இருந்தன. அவற்றை நிரப்பச் சங்கம் புதிதாக ஒரு போர்வெல் போட்டது. தினமும் காலையில் நூற்று முப்பதும் காலியாக இருந்தன. அந்த வருடம் ஆடியில் மழை வரவில்லை.

அப்போதுதான் பாவாத்தாள் வந்தாள்.

செங்காட்டூருக்கு மேற்கே பள்ளத்தில் இருந்த பள்ளக்காட்டுக்காரி. நாற்பத்தைந்து வயது, ஐம்பது உருப்படி செம்மறி, மூணே கால் ஏக்கர் செம்மண் காடு. சத்தம் போடவில்லை. காலை பத்து மணிக்குச் சங்கத்துக் கட்டடத்து மாடியில் ஏறி, குடங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சென்னியப்பனும் மற்றவர்களும் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போட்ட போரு எங்கூட்டுத் தண்ணிய இழுத்துப் போடுதுங்க" என்றாள். "தொள்ளாயிரம் அடி. பத்து நாளா எங்க கொழாயில காத்துத்தான் வருது. பட்டியில மூணு குட்டி செத்துப் போச்சு."

"எங்களுக்கும் வேற வழியில்லீங்க" என்றார் சென்னியப்பன். "தண்ணி வெக்காட்டி எல்லாம் அழிஞ்சுரும். உன்ற காட்டு மண்ணு என்ன மண்ணுன்னுகூட அதுலதான் இருக்குது."

"அந்தக் காடே இல்லாமப் போச்சுன்னா, எழுத்த வெச்சு என்ன பண்ணுவீங்க?"

சென்னியப்பன் கீழே இறங்கிப் போய்ச் சங்கத்தைக் கூட்டச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கம் கூடியது. பாவாத்தாளையும் உட்கார வைத்தார்கள். பாதிப் பேர், எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிடலாம், பதினோரு மாடி மேகம் மொத்தமாகப் பெய்தால் பள்ளக்காட்டுக் குட்டை நிரம்பிவிடும் என்றார்கள். மேகத்திடம் ஒன்றை மறந்துவிடு என்று சொன்னால் அது அந்த அளவுக்குத் தூறும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லில்லி மேரி எழுந்து, "ஆயிரத்து எண்ணூறு பேரு ரத்தம் அதுல இருக்குது. ஜோதிமணி மாதிரி இன்னொருத்தி போனா யாரு பதில் சொல்றது?" என்றாள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. அதனால்தான் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

சுகந்தாமணி எழுந்தாள். "தப்பு என்ற மேலதாங்க. ரெண்டு பாடம் மிச்சம் வெச்சுட்டேன். நீங்க வரலைன்னு நானும் விட்டுட்டேன். இப்ப சொல்றேன், கேக்கறீங்களா?"

அன்றைக்குத்தான் நாற்பத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிப்பதுதான் முதல் பாடம். மறுநாள் காலையிலிருந்து எல்லோரும் மாடியேறித் தாங்கள் கொடுத்ததையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஹார்டுவேர் கடைத் தம்பி ஒரே ரோஜாப்பூக் காலை வணக்கப் படத்தைப் பதினோராயிரம் முறை வைத்திருந்தான். துணிக்கடையில் போன ஏழு தீபாவளி நோட்டீசும் இருந்தன. அபுதாகிர், படித்து முடித்து வெளிநாடு போய்விட்ட பிள்ளைகளின் அரைக்கால் டவுசர் அளவை அப்படியே வைத்திருந்தார். எல்லோரும் மறக்கச் சொன்னார்கள். மூன்று நாள் விட்டுவிட்டுத் தூறியது. ரோஜாப்பூக்கள் பெய்தபோது கொஞ்சம் பன்னீர் வாசனை வந்தது. அபுதாகிரின் பழைய அளவுகள் பெய்த அரைமணி நேரம், தெருவில் நனைந்தபடி போன பெரிய மனிதர்கள் யாரோ தங்கள் தோளை நாடா வைத்து அளப்பதுபோல் கூச்சப்பட்டு நெளிந்தார்கள். தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வாய்க்கால் வெட்டிப் பள்ளக்காட்டுக் குட்டைக்கு அனுப்பினார்கள். குட்டையில் முழங்கால் அளவு நின்றது. மேகம் பழையபடி நாலு மாடி அகலத்துக்கு வந்தது, குடமும் நாற்பதாகக் குறைந்தது.

"நாப்பது கொடம்ங்கறது என்ற பட்டிக்கு ஒரு நாளுத் தண்ணிங்க" என்றாள் பாவாத்தாள்.

"அதுக்குத்தானுங்க்கா ரெண்டாவது பாடம்" என்றாள் சுகந்தாமணி. "மேகம் நம்ம தலைக்கு மேலயே நிக்கணும்னு ஒண்ணுமில்லீங்க. ஜோதிமணிக்குக் கோயமுத்தூர்லதான வந்துச்சு? ஆனைமலைப் பக்கம் இப்ப தண்ணி வழிஞ்சு கெடக்குது. அங்க கொண்டுபோய் விட்டுட்டா அது பாட்டுக்கு இருந்துக்கும். நாம இங்கிருந்தே கேட்டுக்கலாம்."

எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள்.

"முடியாதுங்க" என்றார் அவர். "என்ற ஏழு நோட்டு அதுல இருக்குது. கண்ணுல படாத எடத்துக்கு அனுப்பிட்டு நான் எப்படிங்க நிம்மதியாத் தூங்கறது?"

பாவாத்தாள் அவர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "கண்ணு முன்னாடி வெச்சிருந்த அலமாரியத்தானுங்களே கரையான் தின்னுச்சு?"

சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அவர் கடை திறக்கவில்லை. மறுநாள் காலையில் நைலான் கயிற்றோடு வந்து, ஒருமுறை மேகத்தை மாடித் தண்ணீர்த் தொட்டியோடு கட்டிப் பார்த்தார். கயிறு நனைந்தது, மேகம் மாட்டவில்லை. கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கீழே நின்றிருந்த பாவாத்தாளிடம், "எத்தனை நாளு நடக்கோணும்?" என்று கேட்டார்.

"மூணு நாளுங்க."

"நானும் வர்றேன்."

புறப்படுவதற்கு முன்னால், முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று சுகந்தாமணி பிடிவாதமாக நின்றாள். லில்லி மேரி ஆயிரத்து எண்ணூறு ரத்தத்தையும் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, அதை மாதா கோயில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சென்னியப்பன் ஏழு நோட்டையும் மேகத்திடம் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துத் திருப்பூரில் இருந்த மகளுக்கு அனுப்பினார்.

மேகத்தை ஓட்டத் தெரிந்தவள் பாவாத்தாள் ஒருத்திதான். மற்றவர்கள் பின்னால் நின்று விசிறியாலும் தட்டிகளாலும் வீசிப் பார்த்தபோது அது அசையவில்லை. "வெரட்டினா எதுவும் போகாதுங்க. முன்னால போறவங்க கையில தண்ணி இருக்கோணும்" என்று சொல்லி, ஒரு குடம் தண்ணீரைச் சுகந்தாமணியின் இடுப்பில் ஏற்றி முன்னால் நடக்கவிட்டாள். தான் ஒரு வேப்பங்கொத்தோடு பின்னால் நின்று, செம்மறிகளிடம் சொல்வதுபோல், "ஹெய்... த்தா... த்தா..." என்றாள். மேகம் தலையைத் தாழ்த்திக்கொண்டு நகர ஆரம்பித்தது. கடைவீதிக்காரர்கள் மாடிகளில் நின்று பார்த்தார்கள். நிழல் ஒவ்வொரு கடையாக விட்டுப் போனது. காய்கறிக்காரிகள் மட்டும் கொஞ்ச தூரம் கூடையோடு கூடவே போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

முதல் நாள் காற்றாலைகளுக்கு நடுவே நடந்தார்கள், றெக்கைகளில் படாமல் பாவாத்தாள் மேகத்தைச் சுற்றி ஓட்டினாள். ரோட்டில் பஸ்கள் வேகம் குறைத்தன. நிழலுக்காக இரண்டு சைக்கிள்காரர்கள் கூடவே மெதுவாக வந்தார்கள். சென்னியப்பன் தண்ணீர்க் கேன்களை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, இரண்டு அடிக்கு ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன ஊரைக் கடக்கும்போது, அந்த ஊர்ப் பெண்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் காலிக் குடங்களோடு நின்றிருந்தார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. மேகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சுகந்தாமணி நடையை நிறுத்திவிட்டாள். பாவாத்தாள் வேப்பங்கொத்தைக் கீழே போட்டாள்.

"நம்ம கையில வேண்டாதது ஏதாச்சும் மிச்சமிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்தான் அழிச்சாச்சே" என்றாள் சுகந்தாமணி.

சென்னியப்பன் தள்ளுவண்டியை ஓரங்கட்டினார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்றது ஒண்ணு இருக்குதுங்க" என்றார். "கரையான் நோட்டைத் தின்னதுக்கப்பறம் எழுதுனது. நோட்டு பத்தியில்ல. என்ற கடையப் பத்தித் தப்பாப் பேசுனவங்க, கல்யாணத்துக்குக் கூப்புடாதவங்க, கூப்புட்டும் வராதவங்க, எழவுக்கு வந்து கேக்காமப் போனவங்க. தேதியோட, காரணத்தோட. என்ற தம்பி பேரு அதுல ஒம்பது எடத்துல இருக்குது." மேகத்துக்கு நேராகப் போய் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு தன் பேரையும் வார்த்தையையும் சொன்னார். பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்க, "மறந்துரு" என்றார்.

மழை முக்கால் மணி நேரம் பெய்தது. குடங்கள் நிறைந்தன, தொட்டிகள் நிறைந்தன, ரோட்டோரப் பள்ளங்களில் தண்ணீர் ஓடியது, பெண்கள் சிரித்துக்கொண்டு நனைந்தார்கள். சென்னியப்பன் நடுரோட்டில் நனைந்தபடி நின்றிருந்தார்.

"இத்தனை கனமாங்க இருந்துச்சு?" என்று பாவாத்தாள் கேட்டாள்.

"எனக்கே தெரியலீங்க" என்றார் அவர்.

மூன்றாம் நாள் மலை தெரிந்தது. மேகம் பட்டியைக் கண்ட செம்மறிபோல் வேகமெடுத்தது, சுகந்தாமணியால் முன்னால் நடக்க முடியவில்லை, குடத்தை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள். அது அவர்கள் தலைக்கு மேலாகப் போயிற்று. மலையடிவாரத்தில் நூற்றுக்கணக்கான மேகங்கள் சரிவுகளில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே புகுந்தது. ஒரு நிமிஷம் அதன் முதுகு தெரிந்தது. அடுத்த நிமிஷம் எது தங்களுடையது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

சென்னியப்பன் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுங்க" என்றார். "எல்லாம் ஒண்ணாட்டமே இருக்குது."

"எதுகிட்ட வேணும்னாலும் கேக்கலாமுங்க ஐயா" என்றாள் சுகந்தாமணி. மூன்று மாதம் முன்னால் வகுப்பில் அவ்வளவு தைரியமாகச் சொன்னதை இப்போது சொல்லும்போது அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் எழுந்து, சரிவில் முன்னும் பின்னும் பார்த்து, பக்கத்தில் இறங்கி வந்திருந்த ஒரு சின்ன மேகத்துக்குத் தாளைத் தூக்கிப் பிடித்து, வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார். தாள் நனைந்தது. ஒன்றும் வரவில்லை. தூரத்தில் ஒரு லாரி வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. தாளின் நடுவில் ஒரு புள்ளி கறுத்தது, அது ஒரு கொம்பாக நீண்டது, பிறகு வரிசையாக எழுத்துகள், அவருடைய சொந்தக் கையெழுத்தில், சாய்ந்த சாய்வோடு.

"என்னங்க வந்திருக்குது?" என்று பாவாத்தாள் கேட்டாள்.

அவர் வாசித்தார். "பள்ளக்காடு, பாவாத்தாள், மூணே கால் ஏக்கரு. செம்மண்ணு, சுண்ணாம்புக் கல்லு கலந்தது. கொள்ளு நல்லா வரும். மழை சித்தே கூடுனா நரிப்பயிறும் போடலாம்." வாசித்து முடித்ததும் தாளை அவள் பக்கம் திருப்பினார். "உன்ற காட்டத்தாங்க கேட்டேன்."

"அது எனக்கே தெரியுமுங்களே" என்றாள் பாவாத்தாள். மூன்று பேரும் அந்தப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, வெகுநேரம், காரணம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பஸ் ஏறித் திரும்பினார்கள்.

செங்காட்டூர்க் கடைவீதிக்கு மேலே வெறும் வானம் இருந்தது. முதல் வாரம் கடைக்காரர்கள் பழக்கத்தில் மாடியேறி நீல வானத்துக்குத் தாளை நீட்டினார்கள். எழுத்து வரத்தான் செய்தது, முன்னைவிட ஒரு மூச்சு நேரம் தாமதமாக, ஈரமில்லாமல். பிறகு மாடியேறுவதை விட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே ஜன்னலுக்கு நீட்டினார்கள். அதற்கும் வந்தது. குடங்கள் கீழே இறங்கிவிட்டன, போர்வெல் மோட்டாரை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும் என்றாயிற்று, பள்ளக்காட்டில் குழாய் கனைத்துவிட்டுத் தண்ணீர் கொட்டியது. சென்னியப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

சுகந்தாமணியைக் கம்பெனி வேறு ஊருக்கு அனுப்பியது. புறப்படும்போது அபுதாகிர் அவளுக்கு ஒரு சுடிதார் தைத்துக் கொடுத்தார், அளவு எடுக்காமலே கச்சிதமாக இருந்தது. இப்போதும் அவள் ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கடைசி இரண்டு பாடத்தை முதலில் சொல்லிவிடுகிறாள். எவ்வளவு கேட்டாலும், எதையும் தலைக்கு மேலே நிற்பதாக வைத்துக்கொள்ளும்படி மட்டும் சொல்வதில்லை.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் கிழக்கே இடித்தது. செங்காட்டூரிலும் பள்ளக்காட்டிலும் இரண்டு நாள் விடாமல் பெய்தது. அந்தத் தண்ணீரில் யாருடைய அளவும் இல்லை, யாருடைய கோபமும் இல்லை, வெறும் மழை.

மூன்றாம் நாள் காலையில், பாதத்தில் செம்மண் ஒட்டியிருக்க, பாவாத்தாள் விதைக்கடைக்கு வந்து நின்றாள். சென்னியப்பன் அவளுக்குக் கொள்ளு விதையைத் தானே சலித்து, கல் பொறுக்கி, பையில் கட்டிக் கொடுத்தார். அவள் பையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, இன்னைக்குத் தேதியப் போட்டு எழுதி மேல அனுப்பலீங்களா?"

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். தெரு முழுக்க வெயிலில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"மொளைக்கட்டும்" என்றார். "மொளைச்சதப் பாத்துட்டு எழுதிக்கலாம்."